விரைவு நீதிக்கு ஒரு பாராட்டு மடல்

மாண்புமிகு இலங்கைப் பாராளுமன்றத்துக்கு,

தாத்தா போட்ட காணி வழக்குக்குப் பேரன் தவணை கேட்கும் நாடு இது. இங்கே ஒரு பிரதம நீதியரசரை இரண்டே வாரத்தில் விசாரித்து முடித்த உங்களுக்கு இன்னும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடல்.

2012இல் அரசின் திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். நவம்பர் 1ஆம் திகதி, அந்நீதிமன்றத்தின் தலைமையில் இருந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப் பிரேரணை 117 கையொப்பங்களோடு சபாநாயகரிடம் போனது. அன்றைய சபாநாயகர் அன்றைய ஜனாதிபதியின் அண்ணன். வெளியாருக்குச் சிரமம் வைக்கவில்லை.

அவரை விசாரித்த தெரிவுக்குழுவில் ஆளுந்தரப்பு ஏழு பேர், எதிர்த்தரப்பு நான்கு பேர். குற்றம் சாட்டியவர்களின் அணியே தீர்ப்பும் எழுதினால் கருத்து வேறுபாடு எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆவணங்களைக் கொடுத்து மறுநாளே பதில் கேட்டீர்கள். அவர் வெளிநடப்புச் செய்தார். எதிர்த்தரப்பும் வெளியேறியது. அதன்பிறகே சாட்சிகளை அழைத்தீர்கள். குறுக்கு விசாரணை என்ற தொல்லை இல்லை. 14 குற்றச்சாட்டுகளில் ஐந்தைப் பார்த்து மூன்றை நிரூபித்து, டிசம்பர் 8ஆம் திகதி அறிக்கையும் தந்துவிட்டீர்கள்.

தெரிவுக்குழுவுக்கு ஆதாரமான நிலையியற் கட்டளை சட்டமாகாது என்றது உயர் நீதிமன்றம். அறிக்கையை ரத்துச் செய்தது மேன்முறையீட்டு நீதிமன்றம். நீங்களோ அவரை நீக்க 155க்கு 49 வாக்குகள் என்று கணக்கிலேயே பதில் சொன்னீர்கள்.

2015இல் ஆட்சி மாறியது. அந்தப் பதவிநீக்கமே செல்லாது என்று புதிய ஜனாதிபதி அறிவிக்க, ஷிராணிக்குப் பின் பிரதம நீதியரசரான மொஹான் பீரிஸ் வீடு போனார். இம்முறை பிரேரணையும் இல்லை, தெரிவுக்குழுவும் இல்லை. வேகத்தில் உங்களையே மிஞ்சிவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். பொலிஸ் மா அதிபரை நீக்க 2002இலேயே முறையான சட்டம் இயற்றினீர்கள். அதன்படி அப்பதவியில் இருந்த தேசபந்து தென்னக்கோனை உயர் நீதிமன்ற நீதியரசர் தலைமையிலான மூவர் குழு விசாரித்த பின்பே, 2025 ஓகஸ்ட்டில் 177 வாக்குகளால் நீக்கினீர்கள். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. ஆக, பொலிஸ் மா அதிபரை விசாரிக்க நீதியரசர். நீதியரசரை விசாரிக்க அரசியல்வாதி!

தப்புச் செய்தவர் பதவியில் இருக்கத் தேவையில்லை. ஆனால் தப்பை நிரூபிப்பவர் பக்கச்சார்பற்றவராக இருக்க வேண்டும். பொலிஸ் மா அதிபருக்குத் தந்த நியாயத்தை நீதியரசர்களுக்கும் சட்டமாகவே எழுதித் தாருங்கள். அடுத்த பிரேரணைக்குக் கையொப்பம் திரட்டும் முன்பே.

இப்படிக்கு,
வாக்காளன் ஒருவன்