கைப்பக்குவம்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்பது எனக்கு மனப்பாடம். நைட்ரஜன் சுழற்சிப் படத்தை அம்புக்குறி பிசகாமல் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தத் தெம்பில்தான் மொட்டை மாடியில் தொட்டி வைத்தேன். மிளகாய்ச் செடிக்கு என் விடைத்தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அடியிலைகள் மஞ்சளாகப் பழுத்தன.

நைட்ரஜன் பற்றாக்குறை என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். தட்டுப்பாடு வந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து நைட்ரஜனை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறும். என் புத்திசாலித்தனம் அத்தோடு தீர்ந்தது.

உரக்கடைக்காரர், "எத்தனை ஏக்கருங்க சார்?" என்றார். தொட்டி என்று சொல்ல வெட்கப்பட்டு, "கொஞ்சந்தாங்க" என்று மழுப்பி, 45 கிலோ மூட்டைக்குத் தப்பி, சில்லறையில் யூரியா வாங்கி வந்தேன். நூறில் 46 பங்கு நைட்ரஜன். விவசாயி ஏக்கருக்கே கணக்குப் பார்த்துப் போடுகிற சரக்கை நான் கைநிறைய அள்ளித் தூரில் கொட்டினேன். யூரியாவை வேர் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். பிறகு பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்க வேண்டும். அம்மோனியம், நைட்ரேட் இரண்டும்தான் வேருக்கு முக்கியத் தீனி. இந்த வேலை நிதானமாக நடக்கட்டும் என்றுதான் 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. யூரியாவுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. மிளகாய் கருகிப்போனது.

உடனே இயற்கை விவசாயி ஆகிவிட்டேன். (தோற்றவனுக்குக் கொள்கை சீக்கிரம் வரும்.) மட்காத தென்னை நார்க்கழிவை மண்ணில் தாராளமாகக் கலந்து கத்தரி நட்டேன். அது மிளகாயைவிட வேகமாக மஞ்சளானது. நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் சொற்பம். அதைத் தின்னக் கிளம்பிய நுண்ணுயிர்கள், தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ள, மண்ணில் இருந்த கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் பிடுங்கிக்கொண்டன. முதல் பந்தியில் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கத்தரி கை கழுவிக்கொண்டு இரண்டாம் பந்திக்காக நின்றது. நான் என்னவோ கத்தரிக்குத்தான் பரிமாறுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் பயிராக வைப்போம் என்று நிலக்கடலை போட்டேன். அவரை, கடலை வகைகளின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருந்து, காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அந்தப் பாக்டீரியாவை 1888இல் பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டினார். வேலை செய்கிற முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனை அளந்து விடுகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டேன். அது தலை தொங்கிவிட்டது. இன்னொன்றைப் பிடுங்கினேன்.

சிவப்பாவது, முடிச்சாவது! மிச்சமிருந்த யூரியா வீணாகிறதே என்று கடலைக்கும் தூவி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் கடலை முடிச்சுக்குச் செலவு செய்யாது. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பது செடிதான். ஓசியில் கிடைப்பதற்கு அது ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இதற்கிடையில் காலையும் மாலையும் தொட்டி வழிய வழியத் தண்ணீர் ஊற்றிவந்தேன். அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களிமண் துகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், ஒட்டாது. தண்ணீரோடு தண்ணீராக ஓட்டை வழியே போய்விடும். என் தொட்டிகளிலிருந்து போனது மாடிக் குழாயில் இறங்கி, கீழ்வீட்டு வாழை மூட்டில் விழுந்திருக்கிறது.

வாழை கருகருவென்று குலை தள்ளியதும் கீழ்வீட்டு அக்கா மாடிக்கு வந்தார். "இந்த வாழைக்கு நான் ஒண்ணுமே போடலை தம்பி, எப்படி வந்திருக்கு பாத்தீங்களா? நீங்க நெறைய படிச்சு வச்சிருக்கீங்களே, என்ன காரணமா இருக்கும்?"

"மண்ணு வாகுக்கா," என்றேன், காய்ந்த கடலைச் செடிகளைக் காலால் மறைத்துக்கொண்டு.

"அதெல்லாம் இல்லை தம்பி, கைப்பக்குவம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.