திடீர்க் கூட்டவியல்: கேகாலைப் பாணியை முன்வைத்து ஓர் ஆய்வு

நேற்றுவரை யாரும் எட்டிப் பார்க்காத வாசலில் இன்று ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை உலக அறிஞர்கள் தீண்டவில்லை. தீண்டியிருந்தாலும் தமிழில் தீண்டவில்லை. தமிழில் தீண்டியிருந்தாலும் சப்ரகமுவவில் தீண்டவில்லை. எனவே இத்துறையின் தந்தை நானே என்பதை முதல் பத்தியிலேயே பதிந்துவிடுகிறேன். பிறகு தகராறு வரக்கூடாது.

மூலத்தரவு: கேகாலை, ஹெட்டிமுல்ல, 2020 டிசம்பர் 8. தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தாம் காய்ச்சிய பாணியைக் குடித்தால் ஆயுள் முழுக்கக் கொரோனா அண்டாது என்றார் தம்மிக்க பண்டார என்பவர். செய்முறையைக் கொடுத்தது காளி என்றும் சொன்னார். கூட்டம் கூடக்கூடாது என்ற விதி நடப்பில் இருந்தது. கூட்டம் கூடியது.

வந்தவர்களை மூவகைப்படுத்தலாம். நோயாளிகள். நோய்க்குப் பயந்தவர்கள். வரிசையைக் கண்டதும் வரிசையில் நின்றவர்கள். ஆய்வுக்குரியவர்கள் கடைசி வகையினரே. எதற்கு வரிசை என்று இவர்களைக் கேட்டால் முன்னால் நிற்பவரைக் கைகாட்டுவார்கள்.

காளி விஷயத்தில் தோட்டப்புற ஆய்வாளருக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நம் லயங்களில் நோய்நொடி எல்லாம் மாரியம்மன் பொறுப்பு. காளி நுழைந்தது அதிகார வரம்பு மீறல். அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி இந்த ஆய்வின் உயிர்நாடியான குடக் கோட்பாடு. ஹெட்டிமுல்லவில் மனிதர்களே நேரில் வந்து வரிசையில் நின்றது பெரிய பின்னடைவு. தோட்டத்துப் பீலிக்கரையில் வரிசையில் நிற்பது குடம், ஆளல்ல. ஆள் ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பெரட்டுக்கு ஓடும் வழியில் வந்து தண்ணீர் பிடித்துக்கொள்வார். அதுவரை குடம்தான் அவர். குடம் தும்மாது, இருமாது, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்காது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் தள்ளியே நிற்கும். சுகாதார விதிகள் அத்தனைக்கும் அடங்கிய ஒரே குடிமகன் அது.

சான்றுகள் வருமாறு. முதலாவது, பீலிக்கரை வாய்மொழி. இரண்டாவது, அதை மறுத்து எதிர் லயத்தில் எழுந்த வாய்மொழி. பாதிக்குமேல் கெட்ட வார்த்தை என்பதால் மேற்கோள் தரவில்லை. மூன்றாவது, கூரைத் தகரத்தின் உட்புறம் சுண்ணாம்பால் எழுதி, ஒழுக்கில் அழிந்து, எழுதியவருக்கே மறந்துபோன உரைநூல், இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பு எழுதப்படவில்லை. என் கருத்துக்கு வலுவான ஆதாரம் அழிந்த பகுதியில்தான் இருந்தது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு குமரிக்கண்டத்துக்கு வரைபடமே போட்ட பேரறிஞர்கள் நம்மிடையே உண்டு.

குடத்துக்குப் பதில் பெயின்ட் வாளி வைக்கலாமா என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. இரு தரப்பும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பல்கலைக்கழகத் துறைகளிலும் நிலைமை இதுதான், அங்கே வாளிகூடக் கிடையாது.

குடத்தின் ஆற்றலை அரசு அறியாமலில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர், நம் இரத்தினபுரி மாவட்டத்து பவித்ரா வன்னியாரச்சி, நோய் ஒழிய வேண்டி 2020 நவம்பரில் மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் போட்டார். வரிசையில் வைக்க வேண்டியதை ஆற்றில் போட்டது செய்முறைப் பிழை. பிறகு பாணியையும் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது.

அந்த டிசம்பரில் நாட்டில் தடுப்பூசி ஒரு துளி இல்லை, சனங்கள் பயந்திருந்தார்கள், அதனால்தான் ஹெட்டிமுல்லவுக்குப் போனார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியா கொடுத்த 5 லட்சம் தடுப்பூசிகள் வந்து இறங்கியதே 2021 ஜனவரி 28 அன்றுதான் என்றும் தேதி காட்டுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும் விளக்கம் ஆய்வுக்கு உதவாது. கருத்தரங்குகளில் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்து, தேநீர் இடைவேளைக்கு வரிசையில் போய் நின்றவர்களும் இந்த விளக்கத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

2021 ஆகஸ்டில் அமைச்சர் சுகாதாரத்திலிருந்து போக்குவரத்து அமைச்சுக்கு மாற்றப்பட்டார். ஹெட்டிமுல்லவில் நெரிசல் எப்படி உண்டானது என்பதைப் பார்க்கும்போது, அந்த நியமனத்தில் குற்றம் காண இத்துறைக்கு எந்த முகாந்திரமும் இல்லை.