மருமவனே, பிளக்கு எங்க இருக்கு?

கரண்டு காரு லீசுக்கு எடுக்கப் போறியாமே மருமவனே. உங்க அம்மை போன்ல சொன்னா. கூரை பூரா கண்ணாடி வச்ச வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாம். மெட்ராஸ் வெயில்ல அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓட்டு, நல்லா இருக்கும்.

அது கெடக்கட்டும். உன் அடுக்குமாடியில வண்டி நிக்கிற எடத்துல பிளக்கு இருக்கா? அதை விட்டுட்டு கலரை விசாரிச்சிருக்க. சங்கத்துச் செயலாளரு தலையாட்டி, உன் மீட்டர்ல இருந்து வயர் இழுத்து, 15 ஆம்பியர் பாயின்ட் போட்ட பொறவு ஷோரூம் வாசல மிதி. அந்த மனுசனுக்கு இன்னைக்கே ஒரு காப்பி வாங்கிக் குடு. உன் வண்டியில முக்கியமான பாகம் அவருதான். கரண்டு பில்லையும் பாத்துக்கோ. ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா, மேல ஓடினதுக்கு மட்டுமில்ல, கீழ்ப்படியிலயும் ரேட்டு ஏறும். உன் வீட்டுல ஏற்கெனவே ரெண்டு ஏசி கெடந்து கத்துது.

அடுத்து, எவ்வளவு தூரம் ஓடும்னு ஒரு நம்பர் சொல்லுவான். வின்ட்சர்ங்கிற கரண்டு காரு வந்தப்போ, 38 யூனிட் பேட்டரிக்கு 332 கிலோமீட்டர்னான். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர்னு வச்சு நீயே பெருக்கிப் பாரு, இஞ்சினியர்தானே. நாலுவழிச் சாலையில 100ல அழுத்துனா அதுலயும் குறையும். ஆனா தாம்பரத்துல இருந்து சோழிங்கநல்லூரு போயிட்டு வர 40 கிலோமீட்டர் சொச்சம். அதுக்கு 500 கிலோமீட்டர் வண்டி என்னத்துக்கு? “பொங்கலுக்குக் கோவில்பட்டி வரணும் மாமா”ங்க. வருசத்துல ஒருக்கா என் மூஞ்சியைப் பாக்கதுக்கு, பன்னெண்டு மாசமும் கூடுதல் வாடகை கட்டப் போறியா? அவ்வளவு பாசமா? நெல்லை எக்ஸ்பிரஸ் இங்க நிக்கத்தான் செய்யுது.

பேட்டரியை மட்டும் வாடகைக்குத் தாரோம்னும் ஒரு வலை இருக்கு. நிலத்தை வாங்கிட்டுக் கிணத்தைக் குத்தகைக்குப் பிடிச்ச கதை. 2024 செப்டம்பர்ல வின்ட்சரை அப்படித்தான் எறக்கினான்: பேட்டரி இல்லாம 9.99 லட்சம், ஓடுற கிலோமீட்டருக்கு 3.50. பேட்டரியோட சேத்து 13.50 லட்சம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினா வித்தியாசம் சரியாப் போச்சு. அதுக்கு மேல நீ கட்டுறது தர்மம். கரண்டுக் காசு தனி. மாசம் இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமக் கட்டணும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கானான்னு கண்ணாடி போட்டுப் படி.

மொத்த வண்டியையும் லீசுக்கு எடுக்கதை நான் குத்தம் சொல்லல. 2024 பிப்ரவரியில நெக்ஸான் கரண்டு வண்டிக்கு 1.20 லட்சம் வரைக்கும் வெலையைக் கொறைச்சாங்க. ஜனவரியில சொந்தமா வாங்கினவன் வயித்துல அடிச்சுக்கிட்டான். வாடகைக்காரனுக்கு என்ன, வெலை விழுந்தா அது உடமைக்காரன் தலவலி. ஆனா லீசுக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. வருசத்துக்கு இத்தனை கிலோமீட்டர்னு வேலி போடுவான், தாண்டினா கிலோமீட்டருக்கு இவ்வளவும்பான். நடுவுல திருப்பிக் குடுத்தா அபராதம். கடைசி நாள்ல கதவைத் தடவித் தடவிக் கீறலை எண்ணுவான். எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வை. இன்சூரன்ஸ், டயர் எல்லாம் வாடகைக்குள்ளயா வெளியயான்னு எழுத்துல வாங்கு. சிரிச்ச மொகத்தோட சொன்னதெல்லாம் கோர்ட்டுல நிக்காது.

சரி, பொங்கலுக்கு அந்த வண்டியிலயேதான் வருவேன்னு நீ அடம் பிடிச்சா, வா. பம்புசெட்டுல இலவச கரண்டு ஓடுதே, அங்க சொருகிக்கிடட்டும்ங்கா உன் அத்தை. மின்வாரியத்துக்காரன் வந்தா அவளைத்தான் முன்னால விடுவேன். வீட்டுப் பிளக்குல போடு. எர்த் சரியில்லன்னா சார்ஜர் செவப்பு வெளக்கைக் காட்டி மொறைக்குமாம். எர்த் குழியில உப்பும் கரியும் தள்ளித் தண்ணி ஊத்தி வைக்கேன். ஆனா அது கிரைண்டர் பிளக்கு. உன் அத்தை மாவாட்டி முடிக்க வரைக்கும் திண்ணையில உக்காரு.