ஊதினால் சரியாகிவிடும்

"கொண்டா இப்படி" என்பார்.

கேமரா மக்கர் பண்ணும் செய்தி அவருக்கு எப்படிப் போகிறதோ தெரியாது. நாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பொத்தானை நாலாவது தடவையாக அழுத்திக்கொண்டிருப்போம். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். அடுத்து இந்த இரண்டு வார்த்தை. எங்கள் வீட்டில் அவர் பெரியப்பா. உங்கள் வீட்டில் மாமாவாகவோ, மாடிவீட்டு சாராகவோ இருப்பார். யாராக இருந்தாலும் கைவசம் ஒரே வைத்தியம்தான். ஊதுவார்.

கேமரா ஆன் ஆகவில்லையா? அடியில் உள்ள மூடியைத் திறந்து பேட்டரியை உருவி, அதன் முனையில் ஓர் ஊது. திரையில் 'கார்டு எரர்' என்று வருகிறதா? மெமரி கார்டை எடுத்து, காலாவதி தேதி பார்ப்பதுபோலக் கண்ணருகே பிடித்து, அதன் பொன்னிறப் பற்களில் ஓர் ஊது. படம் மங்கலா? லென்ஸில் ஊது.

எல்லாம் ஒரே ஊது என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரிக்கும் கார்டுக்கும் 'ஃபூ'. பாலில் ஏடு விலக்குகிற அளவு காற்று போதும். லென்ஸுக்கு 'ஹா'. அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்த வெதுவெதுப்பில் கண்ணாடி பனி பூத்ததும் வேட்டி நுனி வந்து துடைக்கும். காலையில் சட்னி துடைத்த அதே நுனி. மூன்றாவது, பெரிய கேமராவுக்கு மட்டும்: லென்ஸைக் கழற்றிவிட்டு உடம்புக்குள் விடும் 'உஃப்ஃப்'. ஈர விறகையும் ஊதுகுழல் வைத்துப் பற்றவைத்த தலைமுறையின் நுரையீரல் அது. ஊதி முடித்ததும் இரண்டு விநாடி கண்ணை மூடிக்கொள்வார். திருநீறு மந்திரிக்கிறவர்கள்கூட அவ்வளவு பக்தி காட்டுவதில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாதிக்கு மேல் சரியாகிவிடுகிறது.

காரணம் எனக்குத் தெரியும். பேட்டரியை உருவினால் கேமராவின் மூளை மொத்தமாக அணைந்து, மறுபடி போடும்போது முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கும். கார்டை எடுத்துச் செருகும்போது அதன் பற்கள் உரசிச் சுத்தமாகும். கழற்றி மாட்டியதுதான் மருந்து. நடுவில் ஊதியது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை அவரிடம் விளக்கியும் பார்த்தேன்.

"கழட்டி மாட்டினாலே போதும் பெரியப்பா."

"நான் ஊதினேன், வந்துருச்சு. நீ என்ன பண்ணின?"

நான் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் உண்மை.

மீதித் தடவைகளில் கோளாறு நகக்கண்ணளவு இருக்கும். கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. அது கீழே இறங்கிவிட்டால் படம் பதியாது. லென்ஸின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் ஏஎஃப்பிலிருந்து எம்எஃப்புக்கு நகர்ந்திருந்தால் தானாக ஃபோகஸ் ஆகாது. கண் வைத்துப் பார்க்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம், பார்க்கிறவரின் கண் பவருக்கு ஏற்பத் திருப்புவதற்கு. கண்ணாடி போட மறந்த நாளில் அதைத் திருப்பிவைத்தவரே பெரியப்பாதான். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் உலகம் கலங்கித் தெரிந்தது. அதற்கும் ஊதினார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும்.

ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். என் காதுகுத்து அன்றைக்கு 36 படம் எடுக்கக்கூடிய ரோல். பாதியில் இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்திருந்தாலே, ரோல் ஓடுவது தெரிந்திருக்கும். "சுத்துதான்னு பார்த்துடுவோம்" என்று முதுகைத் திறந்தார். பட்டப்பகல். திறந்தது போதாதென்று ஊதவும் செய்தார். எனக்குக் காது குத்தியதற்கு இன்றைக்கு என் காது மட்டும்தான் சாட்சி.

ஒரே ஒரு தடவை கேமரா திருப்பி அடித்தது. ஃப்ளாஷ் எரியாத சின்ன கேமரா ஒன்றைத் திருகு கழற்றித் திறந்தார். பேட்டரியை எடுத்த பிறகும் ஃப்ளாஷின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. 'ஆ' என்று உதறியதில் கேமரா ஒரு மூலை, திருகுகள் நாலு மூலை. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். 'இது போச்சு, புதுசு வாங்கிடு' என்ற வாக்கியம் அவர் வாயில் வந்ததே இல்லை. கடைக்காரர்கள் கேமராவைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்கிற வாக்கியம் அது. அதற்காகவே நான் இருபது வருஷம் பொறுத்தேன்.

தஞ்சாவூரோடு பொறுமை போயிற்று. பெரிய கோயில், மேகமில்லாத நீல வானம், எஃப் 16-இல் வைத்து நாற்பது படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் விமானத்துக்கு மேலே அதே இடத்தில் அதே ஏழு புள்ளி. முந்தின வாரத்து 'உஃப்ஃப்'. காற்றோடு வந்த எச்சில் சென்சார் மேல் காய்ந்திருக்கிறது. உள்ளே பிம்பம் தலைகீழாக விழுவதால், சென்சாரின் அடியில் தெறித்தது படத்தில் ஆகாயத்துக்குப் போய்விட்டது. கல்யாண மண்டபத்துக்குள் லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. துவாரத்தைச் சுருக்கியதும் எல்லாம் அம்பலம்.

சிரிக்க ஒன்றுமில்லை. சுத்தம் செய்யக் கொடுத்த காசு என்னுடையது. உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டரில் அழித்த இரண்டு ராத்திரியும் என்னுடையது. விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்வளவு வாங்கினான்?" சொன்னேன். "அநியாயம். என்கிட்ட குடுத்திருந்தா ஊதியே எடுத்திருப்பேனே."

அன்றைக்கே கடைக்குப் போய், கேமராவுக்கென்றே விற்கிற ரப்பர் ஊதியை வாங்கி வந்தேன். உருண்டையை அமுக்கினால் மூக்கு வழியாக எச்சில் இல்லாத வறண்ட காற்று வரும். "இனிமே இதுல ஊதுங்க பெரியப்பா" என்று கையில் வைத்தேன். அவருக்கு மெய்யாகவே சந்தோஷம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கினார். காதருகே வைத்து இன்னொரு தடவை அமுக்கினார்.

"காத்து கம்மியா வருதே. உள்ள தூசி அடைச்சிருக்கும்" என்றார்.

அதன் மூக்கை வாயில் வைத்து ஊதினார்.