நாலு சக்கரமும் இழுக்குமாம், நிறுத்துறது யாரு?

வா நைனா, உக்காரு. டல்லாஸ்ல வேலையாமே? சந்தோசம். உங்கம்மா தெருவெல்லாம் சொல்லியாச்சு. நின்னக்கரை ஏரி மீனுக்கு மட்டுந்தான் இன்னும் சேதி போவல. பொட்டியில இன்னாடா அவ்ளோ கனம்? முட்டி வரைக்கும் பூட்சு, காதுக்கு ஒரு உறை, கைக்கு ஒரு உறை, கண்ணாடில பனி சொரண்ட ஒரு கரண்டி. டல்லாசுக்குப் போறியா, வடதுருவத்துக்கா?

நான் கேக்கறேன், அந்த ஊர்ல வருசத்துல எத்தினி நாளு பனி வுழுது? ஒண்ணோ ரெண்டோ. சில வருசம் அதுவும் கெடையாது. ஆகஸ்ட் மாசம் போய் நில்லு, நம்ம கத்திரி வெயிலே மேலுன்னு சொல்லுவ. அங்க இருக்கறவனுக்கே பனி விருந்தாளி. நீயோ மறைமலை நகர்காரன். சென்னையில இதுவரைக்கும் பதிவான ஆகக் கொறைஞ்ச குளிரே 13.9 டிகிரி, அதுவும் 1905 ஜனவரியில. நாம 20 டிகிரிக்கே மப்ளர் கட்டிக்கினு டீக்கடை அடுப்பை அணைச்சிக்கினு நிக்கற சாதி.

போன்ல ஒரு வீடியோ காட்டி சிரிச்சியே அன்னிக்கு. உன் டல்லாஸ் இருக்கற டெக்சாஸ்ல காரு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வழுக்கிக்கினு போவுது. "பெரியப்பா, இவங்களுக்கு வண்டியே ஓட்டத் தெரியல பாரு"ன்ன. சரி. தாம்பரம் மேம்பாலம் எறங்கச்சொல்ல, கோடையெல்லாம் காஞ்ச ரோட்டுல மொத மழை வுழுந்த அன்னிக்கு, எத்தினி பைக்கு படுத்துச்சு? ஆறு மாசத்து எண்ணெயும் புழுதியும் ரோட்டுல ஒட்டிக்கினு இருக்கும். அரை மணி மழையில அது கூழாயிடும். அப்பறம் பேஞ்சி பேஞ்சி கழுவிடும், ரோடு தேவலாம். மொத அரை மணிதான் ஆளைக் கவுக்கும். இதை இங்க பொறந்தவன் எவனும் எழுதி வச்சிப் படிக்கல. ஆனா ஜிஎஸ்டி ரோட்டுல தெனம் போறவன் அன்னிக்குத் தானா மெதுவாயிடுவான். நீ அந்த ரோட்டுல ஓட்டினது ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கினு.

சிரிப்புக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்குது, கேளு. 2021 பிப்ரவரி 11, காலையில, டல்லாசுக்குப் பக்கத்து ஊரு போர்ட்வொர்த்துல, ஐ-35 டபிள்யூ ரோட்டுல 130க்கு மேல வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதிச்சு. ஆறு பேரு போயிட்டாங்க. ஆளு உசரத்துக்குப் பனி கொட்டியா? அதெல்லாம் இல்ல. தூறல். மேலேர்ந்து மழையாத்தான் வுழுது. தரை பூஜ்யத்துக்குக் கீழ இருக்குது. பட்ட எடத்துல ஒறைஞ்சி ஒட்டிக்குது. கண்ணுக்குத் தெரியறது ஈர ரோடு. அவ்ளோதான். ஈர ரோட்டைப் பாத்து எவன் பயப்படுவான்?

டொரோண்டோல உங்க மச்சான் இருக்கானே, அவன் போன் போட்டு இதுக்கு வுழுந்து வுழுந்து சிரிப்பான். "இத்துனூண்டு ஐஸுக்கா? நாங்கல்லாம் இடுப்பளவு பனியில ஆபீசுக்குப் போறோம்"பான். போவட்டும். அவன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே நகராட்சி லாரி வந்து ரோட்டை வழிச்சி உப்பு தூவிட்டுப் போயிருக்கும். அவன் வண்டியில குளிரு டயரு. பக்கத்துல கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் அந்த டயரு போடாம வண்டியை எடுக்கவே கூடாதுன்னு சட்டம். சாதா ரப்பரு 7 டிகிரிக்குக் கீழ வெறைச்சிக்கும், பிடிப்பு போயிடும். அதுக்குன்னு செஞ்ச ரப்பரு வெறைக்காது. ஊரே சேந்து அவனை ஓட்டுது, அவன் தான் ஓட்டறதா நெனச்சிக்கினு இருக்கான். அந்த லாரியும் அந்த டயரும் இல்லாம அவனை டெக்சாஸ் ரோட்டுல எறக்கி வுடு, அவனும் சேந்துதான் வழுக்குவான்.

இன்னொரு சங்கதி அவனுக்கும் தெரியாது. மைனஸ் 20ல கெட்டியாக் கெடக்கற ஐஸை விட, பூஜ்யத்துக்கு ஒட்டுனாப்ல இருக்கற ஐஸுதான் ஜாஸ்தி வழுக்கும். மேல மெல்லிசா தண்ணி நிக்கும். டெக்சாஸ்ல வர்றது பெரும்பாலும் அந்த மாதிரி ஐஸுதான்.

அப்பறம் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதான் வாங்குவேன்னு சொன்னியாமே. நம்ம ஊரு போர்டு கம்பெனில செஞ்ச எக்கோஸ்போர்ட்டு இருந்துச்சே, அதை 2018லேர்ந்து கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுல வித்தாங்க. மார்கழிப் பனிக்கே மூக்கு ஒழுகற ஊர்ல செஞ்ச வண்டி, அங்க போய் ஐஸ்ல நின்னுச்சு. அதுலகூட நாலு சக்கரமும் இழுக்கற மாடலு உண்டு. 2022ல ஆலையை மூடிட்டாங்க, 2024ல திரும்ப வர்றோம்னாங்க. அது கெடக்கட்டும்.

நாலு சக்கரம் இழுத்தா இன்னா ஆவும்? வண்டி கெளம்பும். ஐஸ்ல நிக்கறவன் எல்லாம் சக்கரத்தைச் சுத்தவுட்டுக்கினு கெடக்கச்சொல்ல நீ ஜோரா கெளம்பிடுவ. சரி, நிறுத்தறது? பிரேக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்குது. அம்பது லட்சம் வண்டிக்கும் அதேதான், அஞ்சு லட்சம் வண்டிக்கும் அதேதான். காஞ்ச ரோட்டுல நிக்கற தூரத்துக்கு ஐஸ்ல பத்து மடங்கு வரைக்கும் ஆவலாம். கெளம்பத் தெரியாதவன் அவன் வூட்டு வாசல்லயே நின்னு உசிரோட இருக்கான். ஜோரா கெளம்பினவன்தான் சிக்னல்ல இருக்கறவன் முதுகுல போய் நிக்கறான்.

பாலத்து விசயம் சொல்றேன், இதுதான் முக்கியம். 2024 அக்டோபர்ல பெருமழைன்னு சொன்னதும் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையாக் காரை நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? டிவிலகூட சிரிச்சாங்க. நான் சிரிக்கல. 2015 டிசம்பர்ல ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூரு வரதராஜபுரமெல்லாம் மொத மாடி வரைக்கும் தண்ணி பாத்த ஊரு இது. காரை உசரத்துல ஏத்தினவனுக்கு புத்தி இருக்குது. பாலத்து மேல நிறுத்தினா போடற அபராதத்தை விட இஞ்சினு வெலை ஜாஸ்தின்னு கணக்குப் போட்டான்.

அதே புத்தியைப் பொட்டியில வச்சி டல்லாசுக்கு எடுத்துக்கினு போயிடாத. இங்க மழையில பாலம் காப்பாத்தும். அங்க ஐஸ்ல மொதல்ல ஒறையறதே பாலந்தான். தரையில இருக்கற ரோட்டுக்கு கீழ மண்ணு சூடு இருக்குது. பாலத்துக்கு மேலயும் காத்து, கீழயும் காத்து. ரோடு ஈரமா இருக்கச்சொல்லவே பாலம் ஐஸாயிடும். டல்லாஸ்லயோ எங்க பாரு பாலம். ஹை பைவ்னு ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு அடுக்கு. அது மேல ஏறி ஐஸ்ல நின்னுக்கினு "பெரியப்பா இன்னா பண்றது"ன்னு போன் போட்டா, நான் இங்கேர்ந்து இன்னா பண்ணுவேன்? சாமிக்கு வேண்டிக்கினு போனை வைப்பேன்.

ஓட்டித்தான் ஆவணும்னா எப்பிடின்றியா? எங்க காலத்துல சேடை ஓட்டின கயனி வரப்பு மேல நாத்துக்கட்டைத் தலையில வச்சிக்கினு போவோம். வரப்பு ஈரமா, காலு எங்க வச்சாலும் நழுவும். எவனாவது ஓடினானா? எவனாவது சடக்குனு திரும்பினானா? அடி சின்னது. பார்வை போற எடத்துல. ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன் பத்தடி வுட்டுத்தான் போவான், முன்னாடி போறவன் வுழுந்தா நாத்து ரெண்டு பேருதும் போச்சே. வண்டியும் அதேதான். மெதுவா மிதி, மெதுவா ஒடி, மெதுவா நிறுத்து. ஒரே சமயத்துல ரெண்டு வேலை செய்யாத, திருப்பச்சொல்ல பிரேக்கு வேணாம். வழுக்குதுன்னு தெரிஞ்சா மிதிக்கற காலை எடு. போவ வேண்டிய பக்கம் பாத்துக்கினே ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் பதறாம திருப்பு. எதிர்ல இருக்கற கம்பத்தைப் பாத்த, கம்பத்துக்கே போவ. நேராப் போவச்சொல்ல நிறுத்தறதுக்கு பிரேக்கு மிதிச்சா காலுக்கடியில கடகடன்னு நடுங்கும். அது ஏபிஎஸ் வேலை செய்யுது. வண்டி ஒடைஞ்சிடுச்சின்னு காலை எடுத்துடாத, அழுத்தியே புடி. தானா ஓடற அந்த குரூஸ் கண்ட்ரோலை அன்னிக்கு மட்டும் தொடவே தொடாத. சறுக்குதுன்னு அதுக்குத் தெரியறதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சிடும்.

உப்பு ஏன் போடறாங்கன்னு கேட்டியே. குல்பி ஐஸ்காரன் பானையில ஐஸோட கல்லுப்பு போடறத பாத்ததில்ல? உப்பு சேந்த தண்ணி பூஜ்யத்துல ஒறையாது, இன்னும் கீழ போவணும். அதான் ரோட்டுல தூவறாங்க. ஆனா மைனஸ் 9, 10க்குக் கீழ போயிட்டா உப்பும் கைய விரிச்சிடும். லாரி வந்துச்சே, இனிமே கவலையில்லன்னு நெஞ்ச நிமித்தாத.

லாரின்னதும் அட்லாண்டா கதை ஞாபகம் வருது. 2014 ஜனவரி 28. மொத்தம் ரெண்டரை அங்குலம் பனி. மத்தியானம் பனி ஆரம்பிச்சதும் ஆபீசு, பள்ளிக்கூடம், அரசாங்கம், எல்லாரும் ஒரே நேரத்துல "வூட்டுக்குப் போ"ன்னுட்டாங்க. எல்லாரும் போனாங்க. பொங்கலுக்கு முந்தின நாளு பெருங்களத்தூரை நெனச்சிக்கோ, அடியில ஐஸு. உப்பு போட வேண்டிய லாரியும் அதே நெரிசல்ல மாட்டிக்கிச்சு. புள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே தூங்கிச்சு. பெரியவங்க ரோட்டுல காரை வுட்டுட்டு நடந்தாங்க, மருந்துக்கடை தரையில படுத்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்பாம இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொன்னா நீங்க கெழவன் பேச்சும்பீங்க. அங்க அதுக்கு ஒரு கமிட்டி.

நம்ம நாட்டுலயும் நடக்குது, சும்மா சொல்லல. 2020ல அடல் சுரங்கம் தொறந்தாங்க, மணாலிலேர்ந்து அந்தாண்ட பனிக்கு சுளுவாப் போயிடலாம். போறதுதான் சுளுவு. 2024 டிசம்பர்ல சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவுல ஆயிரம் வண்டிக்குக் கிட்ட மாட்டிக்கிச்சு. சமவெளியிலேர்ந்து புது காரை ஓட்டிக்கினு போன புள்ளைங்கதான் நெறைய. உள்ளூர் டிரைவரு சக்கரத்துல சங்கிலி சுத்திக்கினு பொறுமையாப் போறான். நம்மாளு செல்பி. ஊட்டி தலைகுந்தாவுல உறைபனி பாக்கப் போறவன் கதையும் அதான். விடிகாலை கார் கண்ணாடியில பனி ஒட்டிக்கினு இருந்தா கெட்டில்ல சுடுதண்ணி கொண்டாந்து ஊத்துவான். கண்ணாடி பட்டுன்னு வுடும். அப்பறம் குன்னூரு வரைக்கும் குளிரு காத்து மூஞ்சில.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாம சொல்றேன். 2022 ஜனவரியில பாகிஸ்தான்ல முர்ரின்ற மலையூருல பனியில மாட்டின காருக்குள்ளயே இருபது பேருக்கு மேல செத்தாங்க. குளிருல மட்டும் இல்ல. ஹீட்டருக்காக இஞ்சினை ஓடவுட்டுக்கினு தூங்கினவங்களும் உண்டு. சைலன்சரு பனியில மூடிக்கிச்சு, புகை உள்ள வந்துடுச்சு. அந்தப் புகையில இருக்கற வெஷ வாயுவுக்கு மணமே கெடையாது. 2021ல டெக்சாஸ்ல கரண்டு போனப்போ மூடின ஷெட்டுக்குள்ள காரை ஓடவுட்டு குளிரு காஞ்சவங்களும் அப்படித்தான் போனாங்க. மாட்டிக்கினா மொதல்ல எறங்கிப் போய் பின்னாடி குழாயைச் சுத்தம் பண்ணு. ஷெட்டுக்குள்ள இஞ்சினே வேணாம்.

பழகிக்கணும்னு ஆசையா இருக்குதா? நல்ல ஆசை. பெரிய கடைங்க வாசல்ல மைதானம் போல வண்டி நிறுத்தற எடம் இருக்கும், ஐஸு வுழுந்த அன்னிக்கு காலியாக் கெடக்கும். அங்க போயி நடந்து போற வேகத்துல ஓட்டிப் பாரு. பிரேக்கு போடு, எவ்ளோ தூரம் போயி நிக்குதுன்னு பாரு. நாலு தடவ போட்டா உன் காலுக்கே தெரியும்.

அந்தக் கடை வரைக்கும் எப்படிப் போறதுன்றியா? மொதல்ல வாசல்ல எறங்கி நாலடி நடந்து பாரு. நடக்கவே முடியலன்னா, சாவியை எதுக்குடா கையில வச்சிக்கினு இருக்க?