மேசைமேல் அயர்லாந்து: மாதிரி ரயிலின் முதல், கரு, உரி

மாதிரி ரயில் என்பது ஓடும் ரயிலைச் சுருக்கி, அது ஓடாமல் நிற்கும் நேரத்தைப் பெருக்கி, ஒரு மேசையின்மேல் அமைக்கும் கலை. பொம்மை ரயில் வேறு. அது வட்டமாகச் சுற்றும், எந்த ஊரையும் சேராது, அதற்காக வருந்துவதும் இல்லை. மாதிரி ரயிலோ இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இன்ன ஆண்டில், இன்ன கம்பெனியின் வண்ணத்தில், கூடுமானவரை தாமதமாகப் போக வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது பொம்மையே என்பது இத்துறையினர் முடிபு.

இக்கலையின் கிளைகளுள் ஐரிஷ் கிளை தனித்தன்மை உடையது. டப்ளின் நகரத்து இன்சிகோர் ரயில்வே பணிமனையில் வரைவாளராக இருந்த சிரில் ஃபிரை, பகலெல்லாம் பெரிய ரயிலுக்குப் படம் வரைந்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதே ரயிலைச் சிறியதாகச் செய்தார். பல பத்தாண்டுகள் இப்படிச் சேர்ந்த அவருடைய வண்டிகள் இன்று மலாஹைட் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அலுவலக வேலையையே வீட்டிலும் செய்து அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரிட்ட இந்த மனநிலை, மூன்று ஷிஃப்டு ஓடும் ஓசூர் சிப்காட் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. எனவே ஐரிஷ் மாதிரி ரயிலை ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியில் வைத்து ஆராய்வது பொருத்தமே.

இத்துறையின் கையேடுகள் பெரும்பாலும் தண்டவாளத்தில் தொடங்கிப் பெயின்ட்டில் முடியும். இது முறையன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து விலங்கும் மரமும் தொழிலும் பிறவும் கருப்பொருள், மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்த முறையே மாதிரி ரயிலுக்கும் ஏற்றது. அயர்லாந்தின் நிலம் மேய்ச்சல் நிலம். பெரும்பொழுது கார், அதுவும் ஆண்டு முழுவதும். சிறுபொழுது மாலை, மேகம் மூடிய வானத்தின்கீழ் காலை பத்து மணிக்கே அது தொடங்கிவிடுகிறது. விலங்கு பசு. ஆகவே திணை முல்லை என்பதில் ஐயமில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல்: வருவேன் என்று சொல்லிப் போனவர் வரும்வரை பொறுத்துக் காத்திருத்தல். ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் இதற்கு உரை தேவைப்படாது.

இருத்தலே உரிப்பொருள் என்பதற்கு வழக்குமன்றச் சான்றும் உண்டு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஓடிய வெஸ்ட் கிளேர் ரயில் 1896 ஆகஸ்டில் செய்த தாமதத்தால் பெர்சி ஃபிரெஞ்சு என்ற பாடகர் தம் கச்சேரிக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. அவர் கம்பெனிமீது வழக்குத் தொடுத்து 10 பவுண்டு இழப்பீடு பெற்றார். அதோடு நில்லாமல் அந்த ரயிலைக் கேலி செய்து ஒரு பாட்டும் கட்டினார். 10 பவுண்டு செலவாகிவிட்டது, பாதையும் 1961இல் மூடப்பட்டது, பாட்டு மட்டும் இன்னும் ஓடுகிறது. வெஸ்ட் கிளேர் மாதிரியைக் குறித்த நேரத்துக்கு ஓட்டுபவர் வரலாற்றுப் பிழை செய்கிறார்.

அடுத்து அகலம். இத்துறையில் நட்புகள் முறிவது இவ்விடத்தில்தான். அயர்லாந்தில் முதலில் ஆளுக்கொரு அகலத்தில் பாதை போட்டார்கள். டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம், அல்ஸ்டர் பாதை 6 அடி 2 அங்குலம், டிரோகெடா பாதை 5 அடி 2 அங்குலம். பஞ்சாயத்துக்கு வந்த ஜெனரல் பாஸ்லி ஒருவர் சொன்னதையும் ஏற்காமல் நடுவாக 5 அடி 3 அங்குலம் என்று தீர்ப்புச் சொன்னார். 1846இல் அது சட்டமானது. இந்தியாவிலும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 6 அடி கேட்டார், கிடைத்தது 5 அடி 6 அங்குலம். ஆக, இரு நாட்டு அகலப்பாதையும் சமரசத்தில் பிறந்தவை.

மாதிரியில் இந்தச் சமரசம் பொய்யாக முற்றுகிறது. ஐரிஷ் மாதிரிகள் பெரும்பாலும் 76இல் ஒரு பங்கு அளவில், அதாவது அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் செய்யப்படுகின்றன. அக்கணக்குப்படி தண்டவாள இடைவெளி 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 4 அடி 1½ அங்குலம். உடம்பு அயர்லாந்துடையது, கால் எந்த நாட்டுடையதும் அன்று. இந்திய அகலப்பாதையை 87இல் ஒரு பங்கு அளவில் செய்பவர்களும் இதே 16.5 மில்லிமீட்டரில்தான் ஓட்டுகிறார்கள், வரவேண்டியது 19.25. வெளியார் கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் மைக்ரான் கணக்கில் சம்பளம் வாங்கும் ஓசூர் டூல்ரூம்காரர் முன் 4.5 மில்லிமீட்டர் பிழையை வைத்து, 'டாலரன்ஸுக்குள்தான்' என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. அவர் பையிலிருந்து வெர்னியரை எடுப்பார். அத்துடன் கண்காட்சி முடியும்.

இப்பழியிலிருந்து தப்ப 21 மில்லிமீட்டரில் தண்டவாளத்தைக் கையாலேயே அமைப்போர் உண்டு. எளிய வழி, குறும்பாதையைத் தேர்வது. அயர்லாந்தின் குறும்பாதைகள் 3 அடி. 4 மில்லிமீட்டர் கணக்கில் சரியாக 12. பொய்யே இல்லை. டோனகல், டிங்கிள், வெஸ்ட் கிளேர், கேவன்–லீட்ரிம் எனப் பெயர் பெற்ற பாதைகள் எல்லாம் இவ்வகை. இவற்றுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எல்லாம் மூடப்பட்டுவிட்டன. டிங்கிள் 1953, டோனகல் 1959, வெஸ்ட் கிளேர் 1961. இல்லாத ரயிலைச் செய்பவரிடம் 'நேற்றுப் பார்த்தேன், இப்படி இல்லையே' என்று யாரும் வந்து நிற்க முடியாது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஆய்வுக்குள் நேரடியாக நுழையும் இடம் இதுவே. ஐரிஷ் குறும்பாதைகளில் பல, வறுமைப்பட்ட மேற்குப் பகுதிகளுக்கு வேலையும் வண்டியும் தருவதற்காக 1883, 1889 ஆண்டுகளின் சட்டங்களால் பிறந்தவை. 1876–78 பெரும்பஞ்சத்தில் அடிபட்ட அன்றைய சேலம் மாவட்டத்திலும், இனியொரு பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேரட்டும் என்று இரண்டு குறும்பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் மற்றொன்று. பின்னது 1913இல் ஓசூர்வரை நீண்டது. இரண்டும் 2 அடி 6 அங்குலம். கிருஷ்ணகிரிப் பாதை 1936இலும் ஓசூர்ப் பாதை 1941இலும் மூடப்பட்டன. பஞ்சத்துக்காகப் பிறந்து, பேருந்துக்கும் போருக்கும் நடுவே மறைந்த இவை டிங்கிளுக்கும் டோனகலுக்கும் உடன்பிறப்புகள். ஓசூருக்கு 1960களில் மீட்டர்கேஜும் 1990களில் அகலப்பாதையும் வந்து குறை தீர்த்தன. கிருஷ்ணகிரிக்கு எதுவும் வரவில்லை. 2004இல் மாவட்டத் தலைநகரான பிறகும் அவ்வூரில் ரயில் நிலையம் இல்லை. உரிப்பொருளாகிய இருத்தலை இத்தனை காலம் இடைவிடாமல் பயின்ற ஊர் அயர்லாந்திலும் இருக்குமா என்பது ஐயம்.

கருப்பொருளைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்துக்கு நிகரில்லை. தண்டவாளத்துக்கு இடையே கொட்டும் ஜல்லிக்கு வெளிநாட்டில் சிறு பொட்டலமாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளின் வாசலில் அதுவே மலையாகக் கிடக்கிறது. தேநீர் வடிகட்டியில் சலித்து, மெல்லிய தூளைத் தள்ளி, தங்கியதைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சொட்டு சொட்டாக ஊற்ற வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்தாக உருண்டு ஜல்லியைத் தள்ளிக்கொண்டு போகும். இச்சொட்டின் முக்கியத்துவத்தைப் பலர் உணர்வது முதல் முறை கெட்ட பிறகுதான்.

ஐரிஷ் சரக்கு வண்டிகளுள் புகழ்பெற்றது பீட் கிழங்கு வண்டி. சர்க்கரை ஆலைக்குப் போகும் இக்கிழங்கை வெக்ஸ்ஃபோர்டு பக்கத்திலிருந்து மாலோ ஆலைக்கு ஏற்றிச் சென்றார்கள். 2006இல் ஆலை மூடியதோடு அதுவும் நின்றது. 76இல் ஒரு பங்கு கிழங்குக்கு உலகெங்கும் மாதிரிக்காரர்கள் அலைகிறார்கள். கிழங்கின் குறுக்களவு பத்துப் பதினொரு சென்டிமீட்டர். 76ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கேழ்வரகின் அளவும் அதுவே. மண் ஒட்டிய கிழங்கின் நிறமும் ஏறத்தாழ அதுவே. தேன்கனிக்கோட்டைப் பக்கம் களி கிண்டுவதற்கு வைத்திருக்கும் ராகியில் ஒரு பிடி எடுத்தால் வெக்ஸ்ஃபோர்டின் ஒரு பருவ விளைச்சல் நிரம்பிவிடும். எறும்பு வருவது ஒன்றே குறை. அதையும் மாதிரியின் உயிர்ப்பு என்று கொள்வாருளர்.

சதுப்பு நிலக் கரி இன்னொன்று. போர்டு நா மோனா என்ற அரசு நிறுவனம் 3 அடிப் பாதைகளில் அக்கரியை மின் நிலையங்களுக்கு ஏற்றிச் சென்றது. எரிபொருளுக்காகக் கரி வெட்டுவதை 2021இல் நிறுத்துவதாக அறிவித்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கரிக்குப் பதிலாகத் தேடும் பொருள்களில் ஒன்று தமிழ்நாட்டுத் தென்னை நார்க்கழிவு. அதே நார்க்கழிவை மாதிரி வண்டியில் ஏற்றினால் கரியாகவே தோன்றும். அசலுக்குப் பதிலியாகப் போனது மாதிரிக்கும் பதிலியாவது அறிவியல் சிறப்புடையது.

ஒலிக்கும் வெளியே போக வேண்டியதில்லை. 1994–95இல் அயர்லாந்து வாங்கிய 201 வகை டீசல் எஞ்சின்களில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 710 வரிசை, 12 சிலிண்டர். பெங்களூரு கிருஷ்ணராஜபுரம் ஷெட்டிலிருந்து வரும் டபிள்யூடிஜி-4 எஞ்சினில் இருப்பதும் அதே வரிசை, 16 சிலிண்டர். ஓசூர் நிலையத்தில் சரக்கு வண்டி புறப்படும்போது கண்ணை மூடிக்கொண்டால், நான்கு சிலிண்டர் உபரியாக டப்ளின் கேட்கும்.

இடம்தான் இடிக்கிறது. ஓசூரில் நடுத்தரக் குடும்பத்தின் இலட்சியம் முப்பதுக்கு நாற்பது மனை. வீடே கட்டாமல் நாற்பதடியையும் தண்டவாளத்துக்கு ஒதுக்கினாலும், 76 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தேறாது. மொரப்பூர்–ஓசூர்ப் பாதை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதை அளவு பிசகாமல் செய்ய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேசை வேண்டும். எனவே ஒரு நிலையம், ஒரு பாலம், ஒரு வளைவு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரைக்குப் பின்னால் ஒளிப்பது மரபு. ரயில் திரைக்குப் பின்னால் சென்று நிற்கும். பார்ப்பவர் காத்திருப்பார். முல்லை முழுமையுறுகிறது.

வண்ணம் பற்றி விரிப்பின் பெருகும். 1970களின் ஐரிஷ் வண்டிகளுக்கு உரிய ஆரஞ்சு எந்த ஆரஞ்சு என்பதில் கருத்து வேறுபாடு தீர்ந்தபாடில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் டப்பாவைத் திறந்தால் கிடைப்பது அண்ணளவாகச் சரி. அதன்மேல் அழுக்குப் பூசுவது தனிக் கலை: கூரையில் புகை, சக்கரத்தருகே பிரேக் துரு, சன்னலுக்குக் கீழே மழை வழிந்த கோடு. புது வண்டியை வாங்கி முதல் நாளே அழுக்காக்குவதை இல்லத்தார் ஏற்பதில்லை.

எல்லைப்புறக் காட்சியையும் விட்டுவிடலாகாது. அயர்லாந்து பிரிந்தபின் 1923 முதல் டப்ளின்–பெல்ஃபாஸ்ட் ரயிலைச் சுங்கத்தார் நிறுத்திச் சோதித்தார்கள். கிரேட் நார்தர்ன் கம்பெனியின் வானீல எஞ்சின்கள் அங்கே மூச்சு வாங்கி நின்றன. இக்காட்சியை அமைப்போர் வெண்ணெய் கடத்தும் மூதாட்டி ஒருவரையும் வைப்பது நலம். ஓசூரை அடுத்த மாநில எல்லையில், ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் லாரி வரிசையைக் கண்ட கண்ணுக்கு இதில் புதுமை தோன்றாது. ஓசூர் நிலையமே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்துக்குக் கணக்குக் காட்டுகிறது. மாதிரிப் பலகையில் இரண்டு மொழியா மூன்று மொழியா என்ற கேள்வி இரு நாட்டிலும் எழும்.

இனி ரசிப்போர். 'என்ன விலை?' என்பவர் கடையர். 'எவ்வளவு வேகம் போகும்?' என்பவர் அவரினும் சற்று மேலானவர். விடை, மணிக்கு இருபது மைல், அதுவும் இறக்கத்தில். ரிவெட்டை எண்ணுபவர் இடையர். எண்ணி முடித்து, ஒன்று குறைகிறது என்று சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர் தலையானவர், அத்தகையோர் அரியர். குழந்தைகள் இரண்டு ரயிலை மோதவிடச் சொல்வர். ஒற்றைப் பாதையில் இது நிகழாதிருக்க அயர்லாந்தில் டோக்கன் முறை இருந்ததை அவர்களுக்கு விளக்கலாம், பயன் இல்லை.

இத்தனையும் நோக்க, இவ்வட்டாரத்தார் முதலில் செய்யத்தக்கது டிங்கிளோ டோனகலோ அன்று, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையே. ஐரிஷ் முறை, உள்ளூர்ச் சரக்கு. 2 அடி 6 அங்குலத்துக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் சரியாக 10 வரும். கடையில் எளிதில் கிடைப்பது 9. அந்த ஒரு மில்லிமீட்டரை ஓசூரில் யாராவது லேத்தில் சரிசெய்து தருவார்கள். கிரானைட் தூள் வாசலில் இருக்கிறது, ராகி அடுக்களையில் இருக்கிறது. 76இல் ஒரு பங்கு அளவில் கிருஷ்ணகிரிக்கு ரயில் விடுவதற்கு ரயில்வே வாரியத்தின் ஒப்புதல் தேவையில்லை.