இலைச்சாறு ஆய்வகத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன், தென்காசி.

பெறுநர்: உயர்திரு பேராசிரியர் அவர்கள், உயிரியல் ஆய்வகம், பெயர் வேண்டாம் என்று நினைக்கும் ஒரு பல்கலைக்கழகம்.

பொருள்: பிஎச்.டி. மாணவனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

என் தகுதிகளைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் தகுதி, சொந்த ஊர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குற்றாலச் சீசன். அப்போது பிஎச்.டி. வைவா வைத்தால் எந்த மாநிலத்துத் தேர்வாளரும் மறுக்காமல் வருவார். பேரருவியில் குளிக்கத் தடை போட்டால் ஐந்தருவி, அங்கேயும் தடை என்றால் பழைய குற்றாலம். எண்ணெய் தேய்த்துவிட ஆள், பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும், கிளம்பும்போது ஒரு பை மங்குஸ்தான், எல்லாம் என் பொறுப்பு. தலை துவட்டிக்கொண்டே வந்து உட்காருபவர் கடினமான கேள்வி கேட்பதில்லை.

இரண்டாவது, கார் ஓட்டுவேன். மைக்ரோபிப்பெட்டும் பிடிக்கத் தெரியும், தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

மூன்றாவது, பணம் கேட்க மாட்டேன். ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எனக்கு, "அடுத்த ப்ராஜெக்ட் வரட்டும், பார்க்கலாம்" என்ற தங்கள் வாக்கே போதும். அதைக் காட்டி மளிகைக் கடையில் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

தலைப்பு? மழைக்காலத்தில் குற்றால மலையில் கத்தும் தவளைகள் மேல் எனக்கு ஆசை. ஆனால் தவளை என்றால் வனத்துறை அனுமதி, இரவு வேலை, அட்டைக்கடி. ஆகவே தங்கள் ஆய்வக மரபுப்படியே நடக்கிறேன்: இலையைப் பறித்து, நிழலில் காயவைத்து, அரைத்து, சாறெடுத்து, வெள்ளி நானோ துகள் செய்து, பாக்டீரியா மேல் விட்டு, அது வளராமல் சுற்றிலும் விழும் வட்டத்தை ஸ்கேலால் அளப்பது. மூத்தவர் துளசியில் செய்தார், அடுத்தவர் வேப்பிலையில் செய்தார். நொச்சி இன்னும் காலியாக இருப்பதாகக் கேள்வி.

கட்டுரையில் என் பெயர் எத்தனையாவதாக வந்தாலும் சரி, வந்தால் சரி. குற்றாலத்தில் செடி சேகரித்த ராபர்ட் வைட் துரை, தனக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். கம்பெனி துரைக்கு இருந்த தாராளத்தில் கால் பங்கு போதும்.

கடைசியாக ஒன்று. யுஜிசியின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு வழிகாட்டலாம். பாடவாரியாக எத்தனை இடம், எந்த அடிப்படையில் தேர்வு என்பதைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை மட்டும் வெளியிடச் சொல்லுங்கள், ஐயா. பரோட்டா இல்லாமலே நாங்கள் நுழைவுத் தேர்வு எழுதி வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இன்னும் மாணவனாகாதவன்